‘காப்புரிமை பெற உள்ளார்’ என்று அச்சிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புளியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம், காம்போடு மாங்காய் பறிக்கும் தொரட்டி என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பட்டறைகளில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்தால் பத்திரிகைகள் படத்தோடு செய்தி போடுகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் கடைசி வரியில் பல நேரம் ‘இதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கோரி விண்ணப்பிக்க உள்ளார்’ என்று இருக்கிறது. உள்ளார் என்றால் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்று பொருள். அப்படியென்றால், உருளை எப்படிச் சுழல்கிறது, கொட்டை எந்த வழியாக விழுகிறது என்று விளக்கும் அந்தச் செய்தியே அவருடைய காப்புரிமைக்கு வேட்டு வைத்துவிடும்.

விண்ணப்பத் தேதிக்கு முன் உலகில் எங்கும் வெளியாகாததைத்தான் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் புதியது என்று ஏற்கிறது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் வெளியானது வெளியானதுதான். யூடியூப் காணொளியும் கணக்கில் வரும், மண்டிக்காரருக்கு விற்ற முதல் இயந்திரமும் வரும். கண்காட்சியில் வைத்தவருக்கு 12 மாத அவகாசம் தரும் 31ஆம் பிரிவு ஒன்று உண்டு. அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். மாங்கனிக் கண்காட்சி அரசு நடத்துவதுதானே என்று நம்பி அரங்கில் கொண்டுபோய் வைப்பவர், அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் முதல் படி மலிவானது. நம் பகுதிக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே போகாமலேயே இணையத்தில், தேதியை முதலில் பிடித்துவைக்கும் தற்காலிக விண்ணப்பம் போடலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் கட்டணம் ரூ.1,600, தாளாகக் கொடுத்தால் ரூ.1,750. அதிலிருந்து 12 மாதத்துக்குள் கருவியை முழுதாக விளக்கும் ஆவணமான முழு விவரணத்தைக் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். ‘மோட்டாரில் இயங்கும் புளி இயந்திரம்’ என்று அரைப் பக்கம் எழுதிப் போட்டால், அந்தத் தேதி அந்த அரைப் பக்கத்துக்கு மட்டுமே செல்லும். ஆறு மாதம் கழித்துச் சேர்த்த சுரண்டும் தகட்டுக்கு அந்த முதல் தேதி கிடையாது. எனவே படம், அளவு, மாற்று வடிவங்கள் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும். பிறகு, விண்ணப்பத்தை ஆராயும்படி அலுவலகத்தைக் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கைக்கு ரூ.4,000. 2024 விதித் திருத்தத்துக்குப் பின் அதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. பழைய கணக்கில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

பணம் கட்டும் முன் தேட வேண்டும். காப்புரிமை அலுவலக இணையதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் தேடுவது இலவசம். பெயரை வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும், கண்டுபிடிப்புகளை வகை பிரித்து இட்டிருக்கும் வகை எண்ணை வைத்துத் தேடுங்கள். பழம் பறிக்கும் கருவிகள் ஏ01டி 46/24 (A01D 46/24) என்ற எண்ணிலும், கொட்டை நீக்கும் இயந்திரங்கள் ஏ23என் 4 (A23N 4) என்ற எண்ணிலும் இருக்கும். கழியின் நுனியில் கத்தியும் வலைப்பையும் வைத்த தொரட்டி அங்கே குவிந்து கிடக்கிறது. தெரிந்த சல்லடையையும் தெரிந்த மோட்டாரையும் சேர்த்து வைத்து, இரண்டும் தத்தம் வேலையை மட்டும் செய்தால் 3(எஃப்) பிரிவில் தள்ளுபடி. மாமரத்தைக் கவாத்து செய்யும் முறைக்கும் காப்புரிமை இல்லை, கவாத்துக் கத்தரிக்குக் கிடைக்கலாம்.

எது வரை நம்முடையது என்று விண்ணப்பத்தில் எழுதிக் காட்டும், க்ளெய்ம் எனப்படும் உரிமைக் கோரிக்கைதான் வயலின் வரப்பு. ஈரம் மிகுந்த புளி உருளையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைத் தீர்க்கும் அமைப்புதான் புதுமை என்றால் முதல் கோரிக்கை அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். ‘ஆறு பல் கொண்ட துருப்பிடிக்காத எஃகு உருளை’ என்று எழுதினால் பக்கத்துப் பட்டறை எட்டுப் பல் வைத்துத் தப்பித்துக்கொள்ளும். பல்லின் எண்ணிக்கையும் உலோகமும் துணைக் கோரிக்கைகளில் வரட்டும். பத்துக் கோரிக்கை, முப்பது பக்கம் வரை கூடுதல் கட்டணம் இல்லை.

இன்னொரு வகைச் செய்தியும் வருகிறது: ‘காப்புரிமை பெற்றார்’. படத்தில் அவர் கையில் இருப்பதோ பல நேரம் வடிவமைப்புப் பதிவுச் சான்றிதழ். அது தோற்றத்துக்கான பாதுகாப்பு, இயங்கும் விதத்துக்கு அல்ல. 18 மாதத்தில் அலுவலக இதழில் விண்ணப்பம் வெளியாவதையும் சிலர் காப்புரிமை என்கிறார்கள். அப்போது பரிசோதனையே நடந்திருக்காது. ‘உலகக் காப்புரிமை’ வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படி ஒன்று கிடையாது.

காப்புரிமை கைக்கு வந்தாலும் அது பணம் அல்ல, செலவு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் கட்ட வேண்டும்: ஆறாம் ஆண்டு வரை ரூ.800, பத்தாம் ஆண்டு வரை ரூ.2,400, கடைசி ஐந்து ஆண்டுகளில் ரூ.8,000. வருமானம் பிறப்பது, தயாரித்து விற்க இன்னொருவருக்கு அனுமதி தரும் உரிம ஒப்பந்தத்தில். நம்மவர்கள் அதை ஒரே பக்கத்தில், அதுவும் ‘லாபத்தில் 20 சதவீதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். லாபத்தைப் புத்தகத்தில் பூஜ்யமாக்க ஒரு கணக்குப்பிள்ளை போதும். வரி நீங்கலான விற்பனை விலையில் சதவீதம் கேளுங்கள். ரூ.60,000 விலைக்கு 4 சதவீதம் என்றால் ஒரு இயந்திரத்துக்கு ரூ.2,400, ஆண்டுக்கு 80 விற்றால் ரூ.1,92,000. தனக்கு மட்டுமே உரிமம் என்று தயாரிப்பாளர் தனியுரிமை கேட்டால், விற்றாலும் விற்காவிட்டாலும் 40 இயந்திரத்துக்கான ரூ.96,000 குறைந்தபட்சத் தொகை என்றும், அதைத் தராத ஆண்டில் தனியுரிமை தானாக விலகும் என்றும் எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால்தான் உரிமத்தை வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் பழைய மாடலையே விற்க முடிகிறது. எண்ணிட்ட தகடு ஒவ்வொரு இயந்திரத்திலும் அடிக்கப்பட்டு, காலாண்டுக் கணக்கில் அந்த எண்கள் வர வேண்டும். ஆண்டுக் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் யார் கட்டுவது, மேம்பாடு செய்தால் அது யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் வரட்டும். ‘போல்ட், பெல்ட் எல்லாம் என்னிடமே வாங்க வேண்டும்’ என்ற நிபந்தனை மட்டும் வேண்டாம். 140ஆம் பிரிவின்படி அது செல்லாது. கையெழுத்தானதும் ஒப்பந்தத்தைக் காப்புரிமைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாத ஆவணத்தை நீதிமன்றம் சாதாரணமாகச் சான்றாக ஏற்காது.

நண்பர்கள் இருவர் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது 50ஆம் பிரிவைப் படிப்பவர் அரிது. இருவரில் எவரும் மற்றவருக்குப் பைசா கணக்குக் காட்டாமல் தானே தயாரித்து விற்கலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாமவருக்கு உரிமம் தர முடியாது. பட்டறை வைத்திருப்பவருக்கு இது லாபம், யோசனை மட்டும் தந்தவர் கை கட்டி நிற்பார். வேறு விதமாகப் பங்கிட வேண்டுமானால் விண்ணப்பத்துக்கு முன்பே தனி ஒப்பந்தம் வேண்டும்.

விற்பனையில் நம் மாவட்டங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். மாங்காய்க்கும் புளிக்கும் வேலை ஆண்டில் சில மாதம்தான். மீதி நாள் சும்மா கிடக்கும் இயந்திரத்துக்கு விவசாயி அறுபதாயிரம் போடமாட்டார். வாங்கக்கூடியவர்கள் இயந்திர வாடகை மையங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும்தான். அவர்கள் முதலில் கேட்பது மானியம் உண்டா என்று. மானியத்துக்கு அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தின் அறிக்கை தேவைப்படும். அறிக்கை கைக்கு வரச் சில மாதம் ஆகலாம், புளி சீசனுக்கு ஜனவரியில் ஓடினால் நடக்காது.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கிச் செய்தியில் போடுங்கள். எண் இல்லை என்றால், மூடியைத் திறக்காத இயந்திரத்தின் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது செய்தியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். இணையத்தில் தாக்கல் செய்தால் எண் அன்றைக்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஓசூர்.