வெள்ளைக் கோட் துவைத்த அன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சித்தி வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியேதான் முடிந்தது. அப்பா இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை, துடைத்துத் துடைத்து வைக்கிறார். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து என் சோற்றில் உள்ள கல்லெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. "நர்ஸு பேத்தி எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறாள். தெருவில் உனக்கு இப்போது அதுதான் பேர். டெய்லர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் போஸ்டிங் முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

பதினோரு நாளாக வாட்ஸ்அப்பில் "ம்" மட்டும்தான் வருகிறது. கூப்பிட்டால் "டயர்டா இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன்.

உங்கள் ஹாஸ்டலைப் பற்றி ஒன்று கேட்கணும். உன்னைச் சொல்லவில்லை. பகலில் தூக்கம் வராமல் அல்பிரசோலம், கால் கடுப்புக்கு டிரமடால் என்று போடுகிற பிள்ளைகள் இருப்பார்கள், என் காலத்திலும் மாத்திரை போட்டவர்கள் இருந்தார்கள். மற்ற ஜனம் மாத்திரை என்றால் கொஞ்சம் பயப்படும். நமக்குப் பேர் தெரியும், டோஸ் தெரியும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்றும் தெரியும். ஃபார்மகாலஜியில் நல்ல மார்க் வாங்கினவள் தனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைப்பாள். நீ கிளாஸில் இரண்டாவது.

2014-லிருந்து அல்பிரசோலம், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. வாங்கினவர் பேர், சீட்டு எழுதின டாக்டர் பேர் எல்லாம் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கணும். டிரமடால் 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அப்புறமும் பிள்ளைகள் கைக்கு எப்படி வருகிறது? வார்டு ட்ரேயிலிருந்தா? பிடிபட்டால் படித்த படிப்பு என்னத்துக்கு ஆகும்? உன் ஃபீஸுக்கு வைத்த வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

சின்னதில் என் மடியில் படுத்துக்கொண்டு, "உன் தொடை ஏம்மா கட்டை மாதிரி இருக்கு?" என்று கேட்பாய். கொதிக்கிற எண்ணெய் பட்டது என்று சொல்லியிருந்தேன். எண்ணெய் இல்லை. ஃபோர்ட்வின், வலிக்குப் போடுகிற ஊசி மருந்து.

1998. சர்ஜிக்கல் வார்டு, நாற்பது பெட், நைட்டுக்கு நான் ஒருத்தி. உன் அண்ணனுக்கு ஒன்றரை வயது. முதுகு விட்டுப்போகும். பெத்திடின், மார்ஃபின் மாதிரி போதை தருகிற வலி மருந்தெல்லாம் டி.டி. கப்போர்டில் இரட்டைப் பூட்டுக்குள். ஃபோர்ட்வின் மட்டும் எங்கள் வார்டில் சும்மா ட்ரேயில் கிடக்கும். வயசானவர்களுக்கு அரை ஆம்ப்யூல் போட்டால் மீதியைக் கொட்டணும். ஒருநாள் கொட்டவில்லை. முதலில் வலிக்குப் போட்டேன், அப்புறம் வலியில்லாத அன்றும் போட்டேன். ஐந்து மாதம். அதே இடத்தில் குத்திக் குத்திச் சதை இறுகிப் போனது, இன்றுவரை இளகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. குடலிறக்க ஆபரேஷன் பண்ணிய ஒரு தாத்தாவுக்கு ஒரு ராத்திரி டிஸ்டில்டு வாட்டரைப் போட்டேன். அவர் மருந்து எனக்கு. விடியவிடிய முனகினார். வலி குறைந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். காலையில் என்னைப் பார்த்து, "ராத்திரி பூரா உறங்கலையே தாயி நீ, பாவம்" என்றார்.

காலி ஆம்ப்யூல்களை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தது எங்கள் வார்டு சிஸ்டர். கத்தவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, பகல் டியூட்டிக்கு மாற்றிவிட்டு, அவரே என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆச்சிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அவள் கேட்டதில்லை.

பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, ஓசூர் ரோட்டில். இதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. மனநல உதவிக்கு 14416-க்குக் கூப்பிட்டால் ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. உன் சிநேகிதிகள் யாருக்காவது வேண்டுமென்றால் கொடு. ஆனால் யாராக இருந்தாலும் அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். டாக்டர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும். இதைப் படித்துப் பயந்துபோய் நீ ஒரே நாளில் நிறுத்திவிடாதே.

பொங்கலுக்கு வந்தபோது உன் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் இருந்த ஸ்ட்ரிப்பை நனையாமல் எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். பத்தில் நாலு மிச்சம்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு அலைய வேண்டாம், ஹாஸ்டலிலேயே இரு. ஆச்சி முறுக்கு சுற்றுகிறாள்.

அம்மா