ரியாக்டர் பழுதுவேலைக்கு ஆள் குறைப்பதைத் தடுக்கக் கோரி மூன்றாவது மனு

நாள்: 12.08.2024

பெறுநர்: உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 04.03.2024, 10.06.2024 ஆகிய நாள்களில் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையின் இரண்டாவது கேட்டுக்குப் பின்னால், எடைமேடையை ஒட்டிய ஆலையைத் தாங்கள் அறிவீர்கள். அங்கே ஒப்பந்தப் பிட்டராக வேலை செய்கிறேன்.

1. ரியாக்டர் என்பது ரசாயனத்துக்கான பெரிய மூடிய கலம். அதற்குள் இருக்கும் காயில் என்ற சுருள் குழாய் ஒழுகினால் மாற்றுவதற்கு ஆறு பேர் வேண்டும். உள்ளே பிட்டரும் வெல்டரும், பாரம் தூக்கும் செயின் பிளாக்குக்கு இருவர், சாமான் எடுத்துத்தர ஒருவர், ஆள் நுழையும் மேன்ஹோல் வாயில் கயிற்றோடு ஒருவர். காண்ட்ராக்டர் அனுப்புவது மூன்று பேர்.

2. அந்த மூன்றாவது ஆளேதான் கயிறும் பிடிக்க வேண்டும், செயினும் இழுக்க வேண்டும், ஸ்டோருக்கும் ஓட வேண்டும். ஜூலையில் ஓர் இரவு ஷிப்ட். உள்ளே ஆர்கான் வாயு விட்டு வெல்டிங். ஆர்கானுக்கு மணம் கிடையாது, காற்றைவிடக் கனம். அடியில் தேங்கி நல்ல காற்றை வெளியே தள்ளிவிடும். வெல்டர் தம்பிக்குப் பேச்சுக் குழறியது. கயிற்றை மூன்று முறை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கயிறு முழுதாக என் மேலேயே வந்து விழுந்தது. மேலே ஆளில்லை ஐயா. கயிறு பிடித்த பையனை வெல்டிங் ராடு எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். அவன்மேல் குற்றமில்லை. தம்பியைத் தோளால் முட்டி முட்டி ஏணியில் ஏற்றினேன். இப்போதும் தூக்கத்தில் அந்தக் கயிறு விழுகிறது.

3. உள்ளே இறங்குமுன் அபாய வாயு இல்லை என்று சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் மூச்சுக்கருவி மாட்டி, பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு. எங்களுக்கு இரண்டும் இல்லை. உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் காலையில் போட்ட கையெழுத்தே இரவுக்கும் ஓடுகிறது.

4. உள்ளே ஆள் கூட்டச் சொல்லவில்லை. இருப்பது ஒரே மேன்ஹோல். கூட்டம் சேர்ந்தால் தப்ப வழியிருக்காது. வெளியே நிற்கும் ஆளைத்தான் கேட்கிறேன்.

5. தங்கள் ஜீப் பகலில் வரும்போது ஆறு பேர் நிற்பார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து எண்ணிப் பாருங்களேன்! இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். பழுதுவேலைக்காக ஆலையை நிறுத்தும் அடுத்த ஷட்டவுன் 26.08.2024 அன்று தொடங்குகிறது. அதற்கு முன் ஆறு பேர் என்றும், கயிறு பிடிப்பவருக்கு வேறு வேலை தரக்கூடாது என்றும் எழுத்தில் உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஐயா, அந்த ஒரு ஆளையாவது மேலே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஒப்பந்தப் பிட்டர்