வந்தவர் வாங்காமல் திரும்புவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழில் நிறுவனங்களுக்கான இணையதளங்கள் குறித்துத் தங்கள் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரை, தேடுபொறியில் முன்னிலை பெறுவதைப் பற்றி விரிவாகப் பேசியது. ஆனால், தேடி வந்தவர் தளத்துக்குள் நுழைந்த பிறகு என்ன ஆகிறார் என்பதை அது தொடவே இல்லை. இணையதள வடிவமைப்பில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், செலவிட்ட பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான் என்பேன்.

முகப்பின் மேற்பகுதியை நகரும் படங்களாலும் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ போன்ற வாசகங்களாலும் நிரப்பிவிட்டு, என்ன விற்கிறோம், என்ன விலை, யாரை அழைப்பது என்பவற்றை எங்கோ அடியில் தள்ளிவிடும் தளங்களே அதிகம். (தம் புகைப்படத்தை முகப்பில் வைக்கச் சொல்லாத முதலாளி கிடைப்பது அரிது என்பது தனிக்கதை.) பக்கத்தின் மிகப்பெரிய படமோ எழுத்துப்பகுதியோ 2.5 நொடிகளுக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது கூகுள் 2020-இல் அறிவித்த அளவுகோல். கேமராவில் எடுத்த படங்களை அளவு குறைக்காமல் அப்படியே ஏற்றிவிட்டு அதை எட்டுவது கடினம். உள்ளே வந்ததும் திரை முழுவதையும் மறைக்கும் விளம்பரக் கட்டமும் வந்தவருக்கு ஒரு தடைதான். கைப்பேசியில் அவ்வாறு மறைக்கும் பக்கங்களைத் தேடல் முடிவுகளில் பின்தள்ளக்கூடிய விதியை அந்நிறுவனம் 2017 ஜனவரியிலேயே நடைமுறைப்படுத்திவிட்டது.

இவற்றைவிடக் கொடுமை விசாரணைப் படிவம். பெயரும் கைப்பேசி எண்ணும் போதுமான இடத்தில் முகவரி, பதவி, பிறந்த தேதி வரை கேட்கிறார்கள். எண்ணுக்கான கட்டத்தைத் தொட்டால் எண் விசைகளுக்குப் பதிலாக எழுத்து விசைகள் விரிகின்றன. எண்ணுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் எச்சரித்து, அதுவரை நிரப்பிய அனைத்தையும் அழித்துவிடும் படிவங்களும் உண்டு. சலித்துப்போய் அழைத்துப் பேசிவிடலாம் என்றாலோ, தொலைபேசி எண் படத்துக்குள் பதிந்திருப்பதால் தொட்டு அழைக்க வழியில்லை. இந்த இடத்தில் வெளியேறுபவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்லர். வாங்கும் எண்ணத்துடன் வந்தவர். அவரை இழந்துவிட்டு, புதியவர்களை வரவழைக்க மேலும் விளம்பரம் செய்வதில் என்ன பொருள்?

தளத்தைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்குவதற்கு முன், அதை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ஒரு பொருளை வாங்கவோ விசாரிக்கவோ சொல்லிவிட்டு, குறுக்கிடாமல் அருகில் இருந்து கவனிக்குமாறு நிறுவன உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்