வாய் கோணவில்லை, நிற்கத்தான் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதம் பற்றிய உங்கள் கட்டுரையில் வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது என மூன்று அறிகுறிகளைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். எனக்கு வந்தபோது அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நான் தையல்காரன், வயது 58. போன வருடம் ஒரு காலையில் மெஷினை விட்டு எழுந்தேன், அறையே சுழன்றது. வாந்தி, பின்மண்டையில் வலி. உட்கார வைத்தாலும் வலப்பக்கமாகச் சாய்ந்தேன். கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னதால் பித்தம் என்றார்கள், நானும் நம்பினேன். முதலில் போன மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பின்மூளையில் புதிதாக வந்த அடைப்பு சி.டி.யில் பெரும்பாலும் தெரியாதாம்.

மறுநாள் வேறொரு டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார். என் வலக்கை விரல் கன்னத்தில் போய் இடித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்: வலது சிறுமூளையில் அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அது எப்போதோ கடந்திருந்தது.

பெருமூளையின் இடப்பக்கம் வலக்கையை ஆளும். சிறுமூளையில் வலது கெட்டால் வலதுதான் தடுமாறும். பலம் போகாது, அளவு போகும். (என் பிழைப்பே அளவுதான்.)

சிறுமூளைக்கு முன்னால் ஒட்டினாற்போல மூளைத்தண்டு: நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பகுதி. மூச்சு, விழுங்குவது, விழித்திருப்பது எல்லாம் அதன் கையில். பிடரிக்கு மேலே உள்ள அந்தச் சின்ன அறையில் சிறுமூளை வீங்கினால் ஒதுங்க இடமில்லை. மூளைத்தண்டை நசுக்கும், மூளைநீர் வடியும் வழியையும் அடைக்கும். வீக்கம் உடனே வராமல் இரண்டு மூன்று நாளில் ஏறுமாம். அதனால்தான் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த என்னை ஐ.சி.யூ.வில் மணிக்கொரு தரம் எழுப்பினார்கள். எரிச்சலாக இருந்தது. நினைவு மங்கினால் பின்மண்டை எலும்பைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும் என்று முன்னதாகவே கையெழுத்தும் வாங்கினார்கள். நல்லவேளை, தேவைப்படவில்லை.

தலைசுற்றல் பெரும்பாலும் காதுக் கோளாறுதான். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் திடீரென்று பிடிமானமில்லாமல் நாலடி நடக்க முடியாமல் போனால், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால், அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம். அடுத்த முறை அந்தக் கட்டத்தில் இந்த இரண்டையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்
(நான் சொல்ல, தட்டச்சு செய்தது மகள்)