ஏ.ஆர்.எஃப். விமானம் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பெரும்பகுதி கட்டி முடித்தே பெட்டியில் வரும் மாதிரி விமானம்தான் ஏ.ஆர்.எஃப். (Almost Ready to Fly). உங்கள் பெட்டியைப் பிரித்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, மேலே ஒட்டிய பளபளக்கும் பிளாஸ்டிக் தாளான கவரிங்கை அல்ல. உள்ளே டார்ச் அடித்து மூக்கில் எஞ்சினைத் தாங்கும் ஃபயர்வாலின் பின்பக்கத்தைப் பார்க்கிறோம். எஞ்சினின் எடையும் அதிர்வும் மொத்தமாக இறங்குவது அந்த ஒரு பிளைவுட் பலகையில்தான். உங்கள் விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

46 அளவு (0.46 கன அங்குல) எஞ்சினுக்கான, பறக்கப் பழகுவோர் வாங்கும் டிரெய்னர்களில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: மூலையில் பொட்டு வைத்தாற்போல் பசை, நடுவில் ஒன்றுமே இல்லை. லேசர் வெட்டிய ஓரம் கருகியபடியே இருக்கும். பசை அந்தக் கரியைப் பிடிக்குமே தவிர மரத்துக்குள் ஊறாது. நாளடைவில் அதிர்வில் விட்டுப்போகும். சில பெட்டிகளில் ஹாட் குளூ. வெயிலில் நின்ற காருக்குள் அது இளகத் தொடங்கிவிடும். பறக்கும்போது ஃபயர்வால் பெயர்ந்தால் சுழலும் புரொப்பெல்லரோடு எஞ்சின் கீழே வரும். மூக்கின் எடை போனதும் விமானம் வால் கனத்து எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்காது. கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

கருகிய ஓரத்தைத் தேய்த்து, 30 நிமிட எபாக்ஸி பூசி, மூலைகளில் எடை குறைந்த பால்சா மரத்தின் முக்கோணச் சட்டம் வைத்தால் போதும். கூடுவது சில கிராம்தான். இதை வாங்கியவர் தலையில் கட்டாதீர்கள். எரிபொருள் டேங்க் ஏறிவிட்டால் அங்கே கை நுழையாது.

சக்கரக் கால்களைத் தாங்கும் லேண்டிங் கியர் பலகையும் இப்படித்தான். எடை குறைந்த மெல்லிய பிளைவுட்டான லைட் பிளையில் செய்து, ஓரத்தில் மட்டும் பசை தொட்டு அனுப்புகிறீர்கள். சற்று கனமாக இறங்கினால் போல்ட்டைப் பிடிக்கும் டி-நட்டோடு பலகையே பிய்ந்து, அடிப்பாகத்தையும் கிழித்துக்கொண்டு வருகிறது. உடல் தப்பட்டும் என்றுதான் பலகையை அப்படி வைத்தோம் என்பது பதில் ஆகாது. அதற்கு உடையவேண்டியது நைலான் போல்ட்.

வாலுக்கு வருவோம். வாலின் கிடைச் சிறகான ஸ்டெபிலைசரை உடலோடு ஒட்ட, அதன் நடுவில் கவரிங்கைக் கத்தியால் வெட்டி எடுக்கச் சொல்கிறது கையேடு. கத்தி கொஞ்சம் அழுந்தினாலும் பால்சாவில் கீறல் விழும். பறக்கும்போது ஸ்டெபிலைசர் ஒடிவது அந்தக் கோட்டில்தான். சால்டரிங் அயர்ன் முனையால் உருக்கி எடுக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஒட்டும் இடத்தைக் கவரிங் போடாமலே அனுப்புவது. வாலை ஒட்டுமுன் இறக்கை நுனியிலிருந்து ஸ்டெபிலைசர் நுனி வரை இருபுறமும் நூல் பிடித்துப் பார்க்கிறோம். உடலில் போட்ட பொருத்துவாயே கோணலாக இருந்தால் வாங்கியவர் அதை அரம் போட்டு அகலமாக்கி, மறுபுறம் சில்லு வைத்து அடைக்கவேண்டியிருக்கிறது. அசையும் பரப்புகளுக்குத் தொழிற்சாலையில் ஒட்டிவரும் கீல்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறோம். கையோடு வந்துவிடும் கீல் அபூர்வம் அல்ல.

கவரிங் சுருக்கத்தை நாங்கள் குறையாகவே எண்ணுவதில்லை. மரத்தின் ஈரம் மாறினால் சுருங்கத்தான் செய்யும். கவரிங் அயர்ன் வைத்தால் சரியாகிவிடும். இறக்கையில் லேசான முறுக்கு இருந்தால்கூட எதிர்ப்பக்கம் திருகிப் பிடித்துச் சூடு காட்டி எடுத்துவிடலாம். உள்ளே விடுபட்ட பசையை வெளியிலிருந்து எந்தச் சூடும் கொண்டுவராது.

ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் கவரிங் போடாத உடலின் படம் ஒன்று வெளியிடுங்கள். ஃபயர்வால் இணைப்பும் கியர் பலகையும் அதில் தெரியட்டும். எந்த இணைப்புக்கு என்ன பசை என்று கையேட்டில் எழுதுங்கள். பெட்டியில் அச்சிடும் எடை, சமநிலைக்காக மூக்கில் வைக்கவேண்டிய ஈயத்தையும் சேர்த்ததாக இருக்கட்டும். விற்பவர்களே, மாதிரிக்கு ஒரு பெட்டியையாவது கடையில் பிரித்து வையுங்கள். டார்ச் நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
மாதிரி விமானம் கட்டிப் பறக்கவிடுவோர்