சம்பளத் தாளிலும் இறைபிள்ளைகளாக இருப்போம்

ஆசிரியருக்கு,

திருமுழுக்கின்போது குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, கிறிஸ்மா எண்ணெய் பூசி, வெள்ளாடை போர்த்தி, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைக் கையளிக்கிறோம். அன்றுமுதல் அது கடவுளின் பிள்ளை. முதலாளி வீட்டுக் குழந்தைக்கும், அவர் கடையில் மூட்டை தூக்குபவரின் குழந்தைக்கும் அதே தண்ணீர், அதே எண்ணெய்தான். கலாத்தியர் 3ஆம் அதிகாரம் சொல்வதும் அதுவே: கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் இல்லை, சுதந்திரர் என்றும் இல்லை. மாத முடிவில் சம்பளம் கொடுக்கும்போது நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம்.

கொழும்பின் புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வைத்திருக்கும் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கணக்கு. மாதச் சம்பளம் 40,000 ரூபா என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், 3,200 ரூபா. முதலாளியின் பங்கு 12 சதவீதம், 4,800 ரூபா. இதற்கு மேல் ஈ.டி.எப். எனும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், 1,200 ரூபா. அதுவும் முதலாளியின் பணமே. இந்த இரண்டையும் ஊழியரின் சம்பளத்தில் கழிப்பது சட்ட விரோதம். பல கடைகளில் நடப்பது வேறு. அடிப்படைச் சம்பளம் 20,000 என்று எழுதி, மீதியை 'அலவன்ஸ்' ஆக்கிவிடுகிறார்கள். வாழ்க்கைச் செலவுப் படியும் சாப்பாட்டுப் படியும் கணக்கில் சேர வேண்டியவை. மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. இப்படிப் பாதியாக்கினால் முதலாளியிடமிருந்து ஊழியருக்குச் சேர வேண்டியதில் மாதம் 3,000 ரூபா, வருடத்துக்கு 36,000 ரூபா குறைகிறது. அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது (5:4) இதைப் பற்றித்தான்.

இன்னொரு தவறு, 'ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதிகிறோம்' என்பது. தகுதிகாண் காலமோ தற்காலிக வேலையோ, முதல் நாளிலிருந்தே அவர் சேமலாப நிதியின் அங்கத்தவர். ஒரு மாதத்தின் பணம் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். கிறிஸ்மஸுக்குக் கேக்கும் உடுப்பும் கொடுப்பது நல்ல வழக்கம். உரியதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொடுத்தால் அதைக் கொடை என்று எப்படிச் சொல்வது?

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இந்தப் பாதுகாப்புகள் எட்டுவது அரிது. அதனாலேயே வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மலையகப் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் குடும்பங்களின் பொறுப்பு கூடுகிறது. சம்பளத்தை 'ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறோம்' என்று வைத்திருக்க வேண்டாம்; அவர் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து மாதாமாதம் போடுங்கள், புத்தகம் அவரிடமே இருக்கட்டும். அடையாள அட்டையை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். அவர் சைவராக இருந்தால் கோயிலுக்குப் போகட்டும். தீயோர் மேலும் நல்லோர் மேலும் கதிரவனை உதிக்கச் செய்பவரின் பிள்ளைகளாக இருங்கள் என்று இயேசு சொன்னபோது (மத்தேயு 5:45) யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

பல வீடுகளில் குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் ஓர் எவர்சில்வர் தட்டும் விளிம்பு உடைந்த கோப்பையும் தனியாக இருக்கும். அந்தப் பெண்ணுக்காக ஒதுக்கியவை அவை. ஞாயிறு திருப்பலியில் ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்கிவிட்டு வந்து இதைச் செய்வது எங்களைப் பெரிதும் வருத்துகிறது. அவற்றை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமுழுக்குக்கு முன் பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் நடத்தும் வகுப்பில் இவற்றுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு முன், ஆலயத்தின் சங்கிலித்தாமுக்கும் (பீடத்தையும் ஆலயப் பொருட்களையும் கவனிப்பவர்) கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கும் சம்பளச் சீட்டு, விடுமுறை, ஓய்வுகாலச் சேமிப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று பங்குச் சபையின் அடுத்த கூட்டத்திலேயே பாருங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் இவற்றைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
கொழும்பு 13.