எல்லா மாத்திரையையும் இடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் இல்லங்களில் விழுங்கச் சிரமப்படுவோருக்கு மாத்திரைகளை மொத்தமாக இடித்துக் கஞ்சியில் கலப்பது எளிதுதான். ஆனால் பாதிக் கஞ்சி மிஞ்சினால் பாதி மருந்தும் மிஞ்சும். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருந்தால் இடிக்கவே கூடாது. இவை மருந்தை மெதுவாக வெளிவிடும் மாத்திரைகள்; இடித்தால், 12 அல்லது 24 மணி நேரம் சிறுகச் சிறுக உடலில் இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையென்றால் ஆள் மயங்கி விழலாம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையின் மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

மருத்துவரிடம் சிரப் உண்டா என்று முதலில் கேளுங்கள். இடிக்கலாம் என்று மருந்தாளுநர் சொன்னதை மட்டும் தனித்தனியே பொடித்து, ஒரு தேக்கரண்டி மசித்த மட்டி வாழைப்பழத்தில் உடனே கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார வையுங்கள். அண்ணாந்தால் புரையேறும். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

– மருந்தாளுநர்கள் சிலர், தக்கலை